டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ஐசியூ-வில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே ஒரு வரி சேர்க்கக் கேட்டு இதை எழுதுகிறேன்.

வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவரின் சம்மரியில் சோடியம் இருக்கும், கிரியேட்டினின் இருக்கும், எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போனது என்பதும் இருக்கும். அவரால் புரண்டு படுக்க முடிகிறதா, எழுந்து நிற்க முடிகிறதா என்பது பெரும்பாலும் இருக்காது. ‘நிலைமை சீராக உள்ளது’ என்று முடித்திருப்பார்கள். சீராகத்தான் இருக்கிறார், சோற்றைப் பிசைந்த கையை வாய்வரை தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கடும் நோயில் தசை கரையும் வேகத்தை பிரிட்டனில் அல்ட்ராசவுண்டால் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்திருந்தது. கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டாகியும் வேலைக்குத் திரும்பவில்லை என்று 2003இலேயே டொரண்டோ மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்.

இந்தப் பலவீனத்தை அளக்க மெஷின் எதுவும் வேண்டாம். நோயாளி கண் விழித்து, சொன்னதைச் செய்யும் நிலைக்கு வந்ததும் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என இரு பக்கமும் அசைக்கச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை போடுவது எம்.ஆர்.சி. மதிப்பெண். மொத்தம் 60. 48-க்குக் கீழே வந்தால் ஐசியூ-வில் வந்த தசை பலவீனம் என்று கொள்கிறோம். ஆனால் 50 வாங்கியும் நிற்கத் தடுமாறுகிறவர் உண்டு. அதனால்தான் ஐசியூ நடமாட்ட அளவுகோலையும் சேர்த்துக் கேட்கிறேன். படுக்கையிலேயே கிடந்தால் 0, ஆள் துணையும் ஊன்றுகோலும் இல்லாமல் நடந்தால் 10. கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும்.

லண்டன் செல்சீயில் உருவான அளவுகோல் இன்னும் விரிவானது. இருமல், கைப்பிடி வலு உட்படப் பத்து அம்சங்கள், 50 மதிப்பெண். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனாலும் அது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதைத்தான் பார்க்கிறது. நம் நோயாளிகளில் பலர் பாயில் படுப்பவர்கள், குத்தவைத்துக் கழிப்பறை போகிறவர்கள். நாற்காலியிலிருந்து அழகாக எழுந்தவர் வீட்டுத் தரையிலிருந்து எழ இரண்டு பேரைக் கூப்பிடுவார். ‘தரையிலிருந்து தானாக எழுவாரா?’ என்ற கேள்வியை நாம்தான் சேர்க்க வேண்டும். நோய்க்கு முன் எப்படி இருந்தார் என்பதையும் சேர்ந்த அன்றே உறவினரிடம் கேட்டு எழுத வேண்டும். களை வெட்டப் போனவருக்கும் ஏற்கெனவே கைத்தடி ஊன்றியவருக்கும் ஒரே இலக்கு வைக்க முடியாது.

எல்லோரையும் சீக்கிரம் நடக்கவைத்துவிட வேண்டும் என்ற ஆர்வம் எங்கள் தொழிலில் கொஞ்சம் அதிகம். வென்டிலேட்டரில் இருந்த 750 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ‘டீம்’ ஆய்வு அதற்குக் கடிவாளம் போட்டது. வழக்கத்தைவிடக் கூடுதலாக நடமாட வைத்தும், உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாள்கள் கூடவில்லை. பாதகமான விளைவுகள்தான் கூடின. ஆகவே யாருக்கு எவ்வளவு பயிற்சி என்பதை அளந்து பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். இந்த எண்கள் சம்மரியில் இருந்தால் எங்கே தொடங்குவது என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் தேறினாரா, அப்படியே நிற்கிறாரா என்றும் தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: இதற்கென்று தனிப் படிவம் அச்சடித்துச் செவிலியர் தலையில் கட்டிவிடாதீர்கள். இருக்கிற சார்ட்டில் ரத்த அழுத்தத்துக்குக் கீழே ஒரு கட்டம் போதும். முதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஐசியூ-விலிருந்து வார்டுக்கு மாறும் அன்றும் வீட்டுக்குப் போகும் அன்றுமாவது இந்த எண்களைக் குறிப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்