படத்தின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ரேடார் படம் வராத நாளே இல்லை. கவரைப்பேட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மேலே சிவப்பாய் ஒரு திட்டு. கீழே "உடனே பகிரவும்" என்று ஒரு வரி. அனுப்புகிறவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல படங்களில் ஓரத்தில் இருந்த நிற அளவுகோலையும் தேதி, நேரத்தையும் யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். அளவுகோல் இல்லாத வண்ணப்படம் தகவல் அல்ல, வெறும் கோலம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் வானிலைத் துறை டாப்ளர் ரேடார் ஒன்றை நிறுவியது. அது சுழன்று சுழன்று, கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வானத்தை அளக்கிறது. கிடைப்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்ட எண் குவியல். அதைக் கைப்பேசித் திரையில் காட்ட வேண்டுமானால் எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

வெண்டைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டினால் பூப்போல இருக்கும். நெடுக்கே வெட்டினால் விதை வரிசை தெரியும். காய் ஒன்றுதான், காட்சி இரண்டு. அரை டிகிரி சாய்வில் போகும் ரேடார் கற்றை, சுமார் 40 கி.மீ. தள்ளியுள்ள நம் ஊருக்கு மேலே ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்தில் செல்லும். 100 கி.மீ. தொலைவில் அதுவே ஒன்றரை கிலோமீட்டர் உயரம். 'மேக்ஸ் இசட்' என்று போட்டிருக்கும் படமோ ஒரே உயரத்து வெட்டே அல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் மேலே எந்த உயரத்திலாவது கிடைத்த மிக அதிக அளவை எடுத்துக் காட்டுவது. மேலே சிவப்பாய் இருப்பதெல்லாம் அதே வேகத்தில் நம் வாசலில் கொட்டும் என்று பொருள் இல்லை.

அடுத்தது நிறம். எண்ணுக்கு நிறம் கிடையாது, நாம்தான் கொடுக்கிறோம். மேட்லாப் போன்ற மென்பொருளில் 'ஸ்லைஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னால் வெட்டி, வண்ணம் பூசித் தரும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை நிறம் என்று நாம் சொல்லாவிட்டால், அந்தப் படத்தில் உள்ள குறைந்த எண்ணுக்கு ஒரு கோடி நிறத்தையும் அதிக எண்ணுக்கு மறுகோடி நிறத்தையும் தானாகவே கொடுத்துவிடும். தூறல் மட்டும் உள்ள நாளிலும் சிவப்பு வரும்! இரண்டு நாள் படங்களை அருகருகே வைத்தால், மழையை ஒப்பிடுகிறோமா, மென்பொருளின் விருப்பத்தை ஒப்பிடுகிறோமா?

வானவில் வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. எண் சீராக ஏறினாலும் மஞ்சள் மட்டும் பளிச்சென்று தெரிந்து, இல்லாத எல்லையைக் காட்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னும் சிரமம். அதனால்தான் 2014-இல் மேட்லாப்பும், 2017-இல் பைதானின் மேட்பிளாட்லிப்பும் தங்கள் இயல்பு நிறவரிசையை மாற்றின.

நிற எல்லையை மாற்றுவதே மோசடி என்று நினைக்க வேண்டாம். சி.டி. ஸ்கேனில் நுரையீரலைப் பார்க்க ஓர் எல்லை, எலும்பைப் பார்க்க வேறோர் எல்லை வைத்துத்தான் மருத்துவர் பார்க்கிறார். எண்கள் அவையேதான். மாற்றியதை மறைப்பதுதான் தவறு.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். பழவேற்காட்டில் ஒருவர் கடலுக்குப் போவதும், சிப்காட்டில் ஒரு பெண் இரவு ஷிப்டுக்குக் கிளம்புவதும் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. வீண் சிவப்பைப் பத்து முறை பார்த்தவர் பதினோராவது முறை நம்ப மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததுபோல அந்தப் பதினோராவது முறை உண்மையாக இருந்தால்?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ரேடார் படத்தை முழுதாக அனுப்புங்கள், இல்லையேல் அனுப்பாதீர்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் புராஜெக்ட் படங்களில் எங்கே வெட்டினீர்கள், நிறத்தின் எல்லை என்ன என்று எழுதுங்கள். ஒப்பிடும் படங்களுக்கெல்லாம் ஒரே எல்லை வையுங்கள். ஆசிரியப் பணியில் இருக்கும் என் பிள்ளைகளே, தண்டின் குறுக்குவெட்டை வரையச் சொல்லும் அதே வகுப்பில், ஒரே எண் அட்டவணைக்கு இருவகையாய் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஒரு பீரியட் போதும்.

அடுத்த முறை சிவந்த படம் வந்தால், பயப்படுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கே வெட்டியது? சிவப்பு என்றால் எவ்வளவு?