ஞாயித்துக்கிழமை பௌதிகம் - 9: சிரட்டையில் குளிர் அணுக்கள்

போன வாரம் போஸ்-ஐன்ஸ்டீன் ஒடுக்கம் பத்தி எழுதினேன்ல, அதோட தொடர்ச்சி இது. சத்யேந்திரநாத் போஸ் 1924ல டாக்காவுல இருந்து இதே பாரிஸுக்கு வந்தவர். அவர் பேரைச் சுமக்கிற போஸான்களை வச்சு, நம்ம மார்க்ஸ் டோர்மோய்க்கு வடக்கே வில்தனூஸ்ல ஒரு கூத்து நடந்திருக்கு.

அங்க லேசர் இயற்பியல் ஆய்வகத்துல ருபிடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலை பக்கத்துல குளிர வச்சு, காந்தப்புலமும் ரேடியோ அலையும் சேர்த்து, அமுங்கின உருண்டை மாதிரி ஒரு ஓட்டுல ஒட்ட வைப்பாங்க. உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் முடியாது. மேற்பரப்புல மட்டும் ஓடலாம். ஆனா புவியீர்ப்பு விடுமா? சிரட்டையில (எங்க ஊர்ல கொட்டாங்குச்சி, லா ஷப்பல் வந்து நானும் மாறிட்டேன்) ஊத்தின டீ மாதிரி எல்லாம் அடியில தேங்கிடும்.

சரின்னு ரேடியோ அலையை நுணுக்கமா மாத்தி ஈர்ப்பைச் சமன் செஞ்சாங்க. இப்ப சீராப் பரவணும்ல? பரவலை! அடியைக் காலி பண்ணிட்டு வளையமா நின்னுடுச்சு :-) 2022ல வெளியான முடிவு. காரணம்தான் அழகு. ஓட்டோட தடிமன்ல அணுவை நெருக்க நெருக்க அதோட பூஜ்யப் புள்ளி ஆற்றல் ஏறும். எவ்வளவு குளிர வச்சாலும் அது போகாது. நெருக்கல் அடியில அதிகம், அதனால தளர்வான இடம் தேடி மேலே ஏறிடுச்சு.

நாசா 2018ல விண்வெளி நிலையத்துக்கு ஒரு குளிர் அணு ஆய்வகம் அனுப்பிச்சுது. எடை தெரியாத அந்த இடத்துல குமிழியே ஊதிட்டாங்க. ஆனா ஓடு எங்கேயும் ஒரே இறுக்கமா இல்லேன்னா, அங்கேயும் இதே வில்லங்கம்தான்.