ஊருக்கு வாங்கி அனுப்புவது டேப்லெட்டா, லேப்டாப்பா?

வருசா வருசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிற எங்க ஊர்ப் பசங்கதான். "அண்ணா, அக்கா பொண்ணு காலேஜ் சேருது. ஏதாச்சும் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கறேன். டேப் வாங்கட்டுங்களா, லேப்டாப் வாங்கட்டுங்களா? உங்க வூட்டுலதான் ரெண்டும் இருக்குதுங்களே" என்பார்கள். தீபாவளிக்கு முன்னால் இதே கேள்வி இன்னொரு சுற்று வரும். அப்போது அது அப்பா அம்மாவுக்காக இருக்கும். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்குதுங்க. அதனால் இங்கே எழுதிப் போடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிடறேன். படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப். பழசானாலும் சரி, லேப்டாப்தான். வயசான அப்பா அம்மாவுக்கு டேப்லெட். தோட்டம் பார்க்கிற ஆளுக்கு ரெண்டுமே வேண்டாம், சட்டைப் பையில் இருக்கிற போனே போதும்.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகமில்லை. உழவன் செயலி, மழை பார்க்க மேகதூத், பட்டா சிட்டா, பேங்க் மெசேஜ், மஞ்சள் விலைக்கு வாட்ஸ்அப் குரூப், எல்லாமே போனில் நடக்குது. மடை திருப்பிவிட்டு வந்த ஈரக் கையில் எந்தத் தொடுதிரையும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. தண்ணீர்த் துளியையும் அது விரல் என்றே நினைத்துக்கொள்கிறது. காய்ப்புக் காய்த்த விரலென்றால் கேட்கவே வேண்டாம், ரேசன் கடை மெசினில் ரேகை விழாமல் நிற்கிற எங்க ஆட்களைப் பார்த்தால் தெரியும். இந்த லட்சணத்தில் 10 அங்குலக் கண்ணாடி ஒன்றை வரப்பில் தூக்கிக்கொண்டு திரிவது வேலைக்கு ஆகாது. வெயிலில் திரையில் தெரிவது நம்ம மூஞ்சி மட்டும்தான்.

அம்மா அப்பா விசயத்துக்கு வருகிறேன். எங்க வீட்டு டேப்லெட் எங்கம்மாவுடையது. கண்புரை ஆபரேசன் ஆனதற்குப் பிறகு பேப்பர் எழுத்து அவருக்குச் சிரமமாகிப் போனது. டேப்லெட்டில் எழுத்தைப் பெரிசாக்கி வைத்துக் கொடுத்தோம், இப்போது தினமும் காலையில் செய்தி படிக்கிறார். தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பேரனோடு வீடியோவில் பேசுகிறார். போனில் பேசினால் பாதி நேரம் அவர் காதுதான் அந்தப் பக்கம் தெரியும், இதில் முகம் தெரிகிறது. லேப்டாப் கொடுத்திருந்தால் திறக்கவே மாட்டார். மூடி வைத்த பெட்டியைத் திறப்பதென்றாலே அவருக்கு அது யாரோ ஒருத்தருடைய ஆபீஸ் சாமான்.

ஆனால் வாங்கி கூரியரில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சிம் போடுகிற மாடலாக வாங்குங்கள், ஊரில் எல்லா வீட்டிலும் வைஃபை கிடையாது. பேங்க் ஆப், பணம் அனுப்புகிற ஆப் எதையும் அதில் போடாதீர்கள். போலீஸ் பேசறேன், பேங்கிலிருந்து பேசறேன் என்று மிரட்டுகிறவர்கள் குறி வைப்பது இந்த வயசு ஆட்களைத்தான். முதல் பக்கத்தில் நாலே நாலு படம் இருந்தால் போதும். இன்னொன்று, இரவு பகலாக சார்ஜரிலேயே சொருகி வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். எங்க பங்காளி வீட்டில் தகரக் கூரைக்கு அடியில் அப்படியே விட்டு, ஒரு கோடை தாண்டுவதற்குள் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டது. அது வெறும் செலவு சமாச்சாரம் இல்லை, ஆபத்து.

இனி பிள்ளைங்க. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்க தெருவில் ஒரு பொண்ணு. பி.காம் முடித்தது, நல்ல மார்க். பேங்க் பரீட்சைக்கு ஒரு வருசம் ராத்திரி பகலாகப் படித்தது, எல்லாம் போனிலும் சித்தப்பா வாங்கிக் கொடுத்த டேப்லெட்டிலும். பரீட்சை கம்ப்யூட்டரில். ஈரோட்டில் சென்டர். அங்கே போய்த்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக மவுசைக் கையில் பிடித்து முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. வந்து என்னிடம் சொன்னது: "பதில் தெரியுது மாமா, அந்த அம்புக்குறிதான் நிக்கவே மாட்டேங்குது." ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிசம்கூட இல்லாத பரீட்சையில் அம்புக்குறியைப் பிடித்து நிறுத்துவதற்கே நேரம் போனால் என்ன செய்வது? கோயமுத்தூரில் படித்த பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாது.

பேங்க் பரீட்சை மட்டும் இல்லை. எஸ்எஸ்சியும் கம்ப்யூட்டரில்தான். இன்ஜினியரிங் சேர எழுதுகிற ஜேஇஇ மெயின் 2019இலிருந்து கம்ப்யூட்டரில்தான் நடக்குது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் டைப்பிஸ்ட் வேலைக்குப் போகணும் என்றால் டைப்ரைட்டிங் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அதற்காக இன்றைக்கும் கோபி, சத்தி மாதிரி ஊர்களில் பிள்ளைகள் டைப்பிங் சென்டருக்கு பஸ் ஏறிப் போகின்றன. பத்து விரலும் பழகிய பிள்ளைக்கும், கட்டைவிரல் ரெண்டு மட்டும் பழகிய பிள்ளைக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிசுங்க.

நகரத்தில் இந்தத் தூரம் தெரியாது. உங்க வீட்டில் அப்பாவின் ஆபீஸ் லேப்டாப் இருக்கும், பள்ளிக்கூடத்தில் லேப் இருக்கும், பக்கத்து வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கும். டேப்லெட் அதற்கு மேல் நாலாவதாக வருகிற சாமான். கிராமத்து வீட்டில் நீங்கள் வாங்கி அனுப்புகிறதுதான் முதல் சாமான். ரொம்ப வீடுகளில் அடுத்த அஞ்சு வருசத்துக்கு அதுவேதான் கடைசியும்.

டேப்லெட்டைப் பற்றி யாரும் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. அது வீட்டுக்கு வந்த மூணாவது நாளே பொதுச் சொத்தாகிவிடும். தம்பிக்கு கேம், சின்னவளுக்கு கார்ட்டூன், அப்பாவுக்கு பழைய பாட்டு, சாயந்திரமானால் அப்பத்தாவுக்கு சீரியல். யாருக்காக வாங்கினோமோ அந்தப் பொண்ணு கைக்கு ராத்திரி 10 மணிக்கு வரும், 12 சதவீத சார்ஜோடு. அதுவும் பொண்ணு டேப்பைக் கையில் வைத்திருந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன பார்த்துக்கிட்டு இருக்கே கண்ணு" என்று எட்டிப் பார்ப்பார்கள். அதே பொண்ணு லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தால், "படிக்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அப்பத்தாவே டீவி சத்தத்தைக் குறைக்கிறார். நான் கண்ணால் பார்த்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்பது வேறு விசயம்! பாஸ்வேர்டு போட்ட ஒரு சாமான் வீட்டில் தன் பேரில் இருக்கிறது என்பது ஒரு பொண்ணுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று அந்த வயசில் பொண்ணு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இந்த மரியாதை வந்ததற்கு ஒரு காரணம் அரசு கொடுத்த லேப்டாப் என்று நினைக்கிறேன். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கின திட்டம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிள்ளைகள் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் பாதி பேர் படம் பார்த்தார்கள் என்று நக்கல் செய்தவர்கள் உண்டு. பார்த்தார்கள்தான். அதோடு பென் டிரைவ் சொருகவும், வேர்டில் பயோடேட்டா அடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். எங்க பால் சொசைட்டியில் கணக்குப் போடுகிற பையன் அப்படிப் பழகினவன்தான். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தபோது, அந்த 'அல்லது' எனக்குப் பிடிக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைக்கு அது ரெண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

"டேப்லெட்டோட கீபோர்டு ஒன்னு வாங்கிட்டா லேப்டாப்தானுங்களே?" என்று ஒரு தம்பி கேட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும். கீபோர்டுக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பாருங்கள், மொத்த விலை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் பி.காம் பிள்ளைக்கு டேலி வேணும், சிவில் படிக்கிறவனுக்கு ஆட்டோகேட் வேணும். ரெண்டும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்காக எழுதினது, ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த முழு சாப்ட்வேர் ஏறாது. 60 பக்கத்தில் புராஜக்ட் அடித்து, அட்டவணை போட்டு, பக்க எண் போட்டு, பிரின்ட் கடைக்கு எடுத்துப் போகிற வேலையை டேப்லெட்டில் செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள். படம் வரைகிற படிப்பென்றால் பேனாவோடு வருகிற டேப்லெட் நல்ல சாமான், அதை மறுக்கவில்லை. பாடப்புத்தகம் பிடிஎஃப் படிக்கவும் அதைப் போல வசதி வேறு இல்லை. வாசிக்க, பார்க்க டேப்லெட்டை அடிக்க முடியாது. எழுதணும் என்று வரும்போதுதான் பிரச்சினை.

தமிழில் எழுதுவதும் அப்படித்தான். தமிழ்99 விசைப்பலகை 1999லேயே வந்துவிட்டது. இ-கலப்பை என்று ஒரு மென்பொருள் உண்டு, தெரியுங்களா? பேர் வைத்தவர் வாய்க்கு சர்க்கரை போடணும், என்னை மாதிரி ஆளுக்குப் பேரைக் கேட்டதுமே பிடித்துப்போனது. அதில்தான் பழகினேன். இந்தப் பதிவெல்லாம் ராத்திரி கயித்துக் கட்டிலில் உட்கார்ந்து பத்து விரலில் அடிப்பது. மழை பெய்த அன்றைக்கு மட்டும் ஈசல் வந்து திரையில் மொய்க்கும், அன்றைக்குப் பதிவு கிடையாது. டேப்லெட்டில் கீபோர்டே பாதித் திரையைத் தின்றுவிடுகிறது. பேசினால் எழுதிக்கொள்ளுமாம். எங்க கொங்குப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை, நான் ஒன்று சொன்னால் அது ஒன்று எழுதுது.

லேப்டாப்பிலும் குறை இல்லாமல் இல்லை. சார்ஜர் 45, 65 வாட் இழுக்கும். கரன்ட் போய்விட்டால் டேப்லெட்டை பவர்பேங்கிலோ டிராக்டர் சாக்கெட்டிலோ போட்டு ஓட்டிவிடலாம், பழைய லேப்டாப்பை அப்படி ஓட்ட முடியாது. காற்றாடி வழியாகத் தூசியை உள்ளே இழுக்கும், எறும்பு குடித்தனம் வந்துவிடும். நெட்டுக்குப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடணும். ஆனால் ரிப்பேர் என்று வந்தால் லேப்டாப்தான் நம்ம ஆள். கீபோர்டு போனால் கீபோர்டு மட்டும், பேட்டரி போனால் பேட்டரி மட்டும் மாற்றலாம், பக்கத்து டவுனிலேயே ஆள் இருக்கிறது. டேப்லெட் முழுக்கப் பசை போட்டு ஒட்டினது. கண்ணாடி விரிந்தால் கடைக்காரர் சொல்கிற ரேட்டைக் கேட்டு, அப்படியே பரணில் தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம்.

புது லேப்டாப்புக்குக் காசு பத்தாது என்றால் டேப்லெட் பக்கம் சாய வேண்டாம், பழசு பாருங்கள். கம்பெனிகள் மூணு நாலு வருசம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவிலும் கோவையிலும் நிறைய வருது. உங்களில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிகளிலேயே வேலை பார்க்கிறீர்கள், விசாரித்தால் தெரியும். மாடு வாங்குகிறபோது பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இதிலும் பார்க்க வேண்டியது உண்டு. ராம் 8 ஜிபி இருக்கணும். ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி இருக்கணும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டார்கள், அதற்கும் பழைய சிப் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை. சகாயமாகக் கிடைக்குது என்று அதை வாங்கி அனுப்பினால் பிள்ளைக்குத்தான் தலைவலி. கீலை நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள். எல்லா எழுத்தையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

4 ஜிபி ராம் போட்டு மினுமினுக்கிற புது லேப்டாப்பைவிட இந்தப் பழசு நல்லா உழைக்கும். அந்தப் புதுசு ரெண்டு ஜன்னல் திறந்தாலே மூச்சு வாங்குது.

வாங்கிவிட்டால் கூரியரில் அனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள். ரெண்டு நாள் லீவு போட்டு வந்து, தமிழ் டைப்பிங்கைப் போட்டுக் கொடுத்து, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் தடவுகிற பட்டை இருக்கிறதே என்று விட்டுவிடாமல், பையில் ஒயர் வைத்த மவுஸ் ஒன்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.