மடாதிபதியா, அப்பாவா?

செஞ்சி வட்டாரத்தில் வாழும் நமக்கு ‘மடாதிபதி’ என்னும் சொல் புதிதன்று. மேல்சித்தாமூரில் சமணர் மடம் உண்டு; மயிலத்தில் பொம்மபுர ஆதீனம் உண்டு. ஆகவே கிறிஸ்தவத் துறவுமடத்துத் தலைவரையும் அப்பெயராலேயே குறித்து வருகிறோம். ஆயினும் அவருக்குரிய மூலப் பட்டத்தில் அதிபதி என்னும் பொருளே இல்லை. அது ‘அப்பா’ என்பதாம்.

ஆம், நம் வீட்டுச் சிறுவர் அழைக்கும் அதே ஒலிதான். நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியில் தந்தைக்கு அதுவே பெயர். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் தவசிகளை நாடிச் சென்றோர், முதிய துறவியரை ‘அப்பா’ என்றும் துறவுப் பெண்டிரை ‘அம்மா’ என்றும் அழைத்தனர். அச்சொல்லே இலத்தீனில் ‘அப்பாஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஆபட்’ ஆயிற்று.

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்குநூலில் இத்தந்தையின் கடமை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அவரைத் தெரிந்தெடுப்போர் துறவியரே. முக்கிய காரியம் எதுவாயினும் அவர் மடத்தார் அனைவரையும் கூட்டிக் கேட்டல் வேண்டும். இளையவர் வாயிலாகவும் ஆண்டவர் நல்லதை உணர்த்தக்கூடும் என்கிறார் புனிதர். (கடைக்குட்டியின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் தந்தையர் நம் பங்கில் எத்தனை பேர்?) முடிவு செய்யும் பொறுப்போ அவருடையதே. குற்றங்களைத் திருத்துகையில், துருவைச் சுரண்டப்போய்ப் பாத்திரத்தையே உடைத்துவிடலாகாது. தம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் ஆன்மாவுக்கும் தீர்வை நாளில் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இப்பட்டம் சீரழிந்த காலமும் உண்டு, அதனை மறைப்பானேன்? 1516ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சு மன்னர்கள் மடத்தலைவரை நியமிக்கும் உரிமை பெற்றனர். மடத்தில் ஒருநாளும் தங்காமல், அதன் வருவாயை மட்டும் பெற்றுக்கொண்ட ‘தந்தையர்’ பலர் தோன்றினர். பிள்ளைகளின் முகமறியாத தந்தையர்!

நம் தமிழகத்தில், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மொன்ஷானென் அடிகளாரும் லெ சோ அடிகளாரும் சாந்திவனத்தை நிறுவினர். ஆசிரமத்தில் குருவை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. சீடர் தாமே வந்து சேர்வர். வந்தவரோ மிகச் சிலர். மொன்ஷானென் 1957இல் மறைந்தார். லெ சோ 1968இல் இமயச் சாரலுக்கே சென்றுவிட்டார். அவ்வாண்டு குரிசுமலையிலிருந்து வந்து பொறுப்பேற்ற பீட் கிரிபித்ஸ் அடிகளார், 1980களில் ஆசிரமத்தை ஆசீர்வாதப்பர் குடும்பத்தின் கமல்தோலி சபையோடு இணைத்தார். 1993இல் அவர் இறைவனடி சேர்ந்தபோது சாந்திவனம் திக்கற்றுப் போகவில்லை. அங்குள்ள தலைவருக்கு ‘ஆபட்’ என்ற பட்டம் கிடையாது. ‘பிரியர்’, அதாவது சகோதரருள் முதல்வர், என்றே பெயர்.