கணக்கில் வராத பிள்ளைகள்

கள்ளைப் பற்றிப் பேசுவோம். சம்சுவைப் பற்றிப் பேசுவோம். கஞ்சா என்ற பேச்சு எழுந்தால் மட்டும் லயத்து வாசலில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். "அது பட்டணத்துப் பையன்களின் விவகாரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இப்படித் திருப்பிக்கொள்வதால் யாருக்கு லாபம்? விற்பவனுக்கு லாபம். நஷ்டமோ நம் வீட்டுக்கு.

உலகக் கணக்கை முதலில் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் கஞ்சா பயன்படுத்தியோர் சுமார் 22 கோடியே 80 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் போதைப்பொருள் அலுவலகம் கணித்தது. வேறெந்தப் போதைப்பொருளும் இந்த அளவுக்குப் பரவவில்லை. இது பணக்கார நாடுகளின் பழக்கம் என்று எண்ணுவது தவறு. நைஜீரியாவின் 2018ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 64 வயது வரையிலானவர்களில் நூற்றுக்கு 10.8 பேர், அதாவது ஒரு கோடியே 6 இலட்சம் பேர், கஞ்சா புகைத்தவர்களாகக் காணப்பட்டனர். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு வெளியான அரசாங்க அறிக்கை, பாங்கையும் சேர்த்து 3 கோடியே 10 இலட்சம் பேர் என்றது. பெரியவர்களில் நூற்றுக்கு 3.3 பேர், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 0.9 பேர். அந்தப் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் 20 இலட்சம் தலைகள்!

இக்கணக்குகள் நமக்கு இரண்டு பாடங்களைச் சொல்கின்றன. நூற்றில் ஒரு பிள்ளை என்றால், மற்ற தொண்ணூற்றொன்பது பேர் தொடவில்லை என்று பொருள். "எல்லாரும் இழுக்கிறார்கள், நீ மட்டும் என்ன?" என்று கேட்கும் கூட்டாளி பொய் சொல்கிறான். இதை நம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்வது முதற் கடமை. அடுத்தது, விகிதம் சிறிதாயினும், அந்த ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அது நூற்றுக்கு நூறு.

ஆனால் நம் பிள்ளைகளை யார் எண்ணினார்கள்? பள்ளியில் நடத்தும் கணக்கெடுப்பு வகுப்பில் உட்கார்ந்திருப்பவனைத்தான் கேட்கும். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, லாரியில் ஏறியவனையும் வெளிக்காட்டு வேலைக்குப் போனவனையும் அது கேட்பதில்லை. போலீஸ் கணக்கோ பிடிபட்டவர்களின் கணக்கு. பழக்கத்தின் கணக்கு அல்ல. ஆபத்து மிகுந்த இடத்தில் நிற்கும் பையன் இரண்டு ஏட்டிலும் இல்லை. வளரும் வயதில் தொடங்கியவனே பழக்கத்துக்கு எளிதில் அடிமையாகிறான். படிப்பும் நினைவும் அவனுக்கே முதலில் பழுதாகின்றன. இருள் பிரியுமுன் கூரிய கத்தியோடு நிரையில் நிற்பவனுக்குத் தெளிந்த தலை வேண்டும் என்பதையும் நாம் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா ஒருவனிடம் இருந்தால், அவன் கடத்தல்காரன் என்றே 1952ஆம் ஆண்டின் சட்டம் அனுமானிக்கிறது. இல்லையென்று காட்டும் பாரம் அவன் தலையில். 200 கிராம் என்பது ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2023 ஜூலை முதல் மரண தண்டனை கட்டாயம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். விதிக்காவிடில் ஆயுள் சிறையும் பிரம்படியும் உண்டு. தாய்லாந்து 2022இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டுமென்று மீண்டும் கட்டுப்படுத்தியது. எல்லைக்கு அப்பால் என்ன நடந்தாலும், இப்பக்கம் நம்மைக் கட்டுவது நம் நாட்டுச் சட்டமே. "இந்தப் பையைக் கொடுத்துவிட்டு வா, ஐம்பது வெள்ளி தருகிறேன்" என்று சொல்பவன் பையில் கை வைப்பதில்லை. கையும் பையுமாக அகப்படுவது தொழிலாளி மகன்தான்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். குடித்தவனைத் தூற்றுவதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்தக் கடையால் யார் பிழைக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாமும் கேட்போம்.

பெற்றோருக்கு நமது வேண்டுகோள் இது: பையன் பழகிவிட்டான் என்று தெரிந்தால் அடித்து வெளியே துரத்தாதீர்கள். துரத்தப்பட்டவனுக்கு விற்பவன் வீட்டில்தான் பாய் விரித்திருக்கும். தானே முன்வந்து சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இடமுண்டு. அப்படி வருவோருக்கென்று தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் 2010 முதல் சிகிச்சை நிலையங்கள் நடத்துகிறது. பையனோடு நீங்களும் போங்கள். கிராணிமார்கள் பாரம் எழுதிக் கொடுத்து, சட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். கிளைத் தலைவர்கள், படிப்பை விட்ட பிள்ளைகளின் பெயரை வீடு வீடாகச் சென்று எழுதி, அவர்களுக்குத் தொழிற்பயிற்சிக்கு வழி தேட வேண்டும்.

அரசாங்கத்தின் ஏட்டில் அவர்கள் பெயர் ஏறும் நாள் வரட்டும். அதுவரை நம் ஏட்டில் ஏறட்டும். எண்ணப்படாத பிள்ளை கைவிடப்பட்ட பிள்ளை. நம் பிள்ளைகளில் ஒருவனையும் நாம் கைவிடலாகாது.