பேயும் பிணியும்

செஞ்சி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது கோட்டையே. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்து நிற்கும் அக்கோட்டை, 2025ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. அதனைக் காண வருவோர் பலர். ஆயினும் அமாவாசை நாளில் செஞ்சி வழியாகச் செல்லும் பேருந்துகளில் நிறைந்திருப்போர் கோட்டையை நாடி வந்தவரல்லர். அவர்கள் வடக்கே உள்ள மேல்மலையனூருக்குச் செல்கின்றனர். அங்கே அங்காளம்மன் கோயிலில் நள்ளிரவில் ஊஞ்சல் விழா நடைபெறும். வேண்டுதல் நிறைவேற்ற வருவோரிடையே, பேய் பிடித்தவர் எனக் கருதப்படுவோரும் உறவினரால் அழைத்து வரப்படுவர்.

பேய் என ஒன்று உண்டா, இல்லையா என்று வாதிடுவது என் நோக்கமன்று. அவ்வாறு அழைத்து வரப்படுபவர் படும் துன்பம் மெய் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அத்துன்பம் எங்கிருந்து வந்தது, அதனை எவ்வாறு போக்குவது என்பனவே நாம் எண்ண வேண்டியவை.

இசபெல் நபக்கோவ் என்ற மானிடவியல் அறிஞர் செஞ்சி வட்டாரத்தில் தங்கி, பேயோட்டும் சடங்குகளை நேரில் கண்டு ஆராய்ந்தார். அவர்தம் நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேய் பிடித்ததாகக் கொண்டு வரப்பட்டவருள் பலர் அண்மையில் மணமான இளம்பெண்கள் என்பதை அவர் கண்டார். அப்பெண் உண்ண மறுப்பாள், கணவனோடு வாழ மறுப்பாள், தனக்குத்தானே பேசுவாள். தனி வழியில் சென்றபோது, காதல் நிறைவேறாமல் அகாலத்தில் மாண்ட இளைஞனின் ஆவி அவளைப் பற்றியது என்பர் சுற்றத்தார். பம்பை முழங்கும், பாட்டு எழும், அவள் ஆடுவாள். பேயின் பெயரையும் ஊரையும் பம்பைக்காரர் வினவுவார். பேய் அவள் வாயால் மறுமொழி கூறும். முடிவில் பேய் உறைவதாகக் கருதப்படும் மயிர்க்கற்றையை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து வைப்பர். பின்பு அவள் கணவன் வீடு திரும்புவாள்.

சடங்கில் எல்லாரும் பேயின் சொல்லைச் செவி சாய்த்துக் கேட்கின்றனர். அவள் சொல்லை எவரும் கேட்பதில்லை. புகுந்த வீட்டில் அவளுக்கு என்ன நேர்ந்தது, மணத்திற்கு அவள் உளமாரச் சம்மதித்தாளா என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. மனைவியை மீட்டுக் கணவனிடம் சேர்ப்பதே சடங்கின் பயன் என்று நபக்கோவ் கருதினார். எனக்கும் அது சரியாகவே தோன்றுகிறது.

சொல்ல இயலாத துயரம் வேறு வடிவில் வெளிப்படும் என்பது உளவியலார் கொள்கைகளுள் ஒன்று. பிரான்சு நாட்டுப் பியேர் சனே, தாங்கொணாத அதிர்ச்சியால் மனத்தின் ஒரு கூறு பிரிந்து, வேறோர் ஆளைப்போல் இயங்கக்கூடும் என 1889இல் எழுதினார். வியன்னா நகரில் யோசேபு புரூயர் என்ற மருத்துவர் 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்கு மருத்துவம் செய்தார். அவள் தன் தாய்மொழியாகிய செருமனை மறந்து ஆங்கிலமே பேசிய காலமும் உண்டு. தன் துயர நினைவுகளைச் சொல்லச் சொல்ல நோய்க்குறிகள் தணிவதாக உணர்ந்த அவளே அதற்குப் ‘பேச்சு மருத்துவம்’ எனப் பெயரிட்டாள். புரூயரும் பிராய்டும் 1895இல் அதனை நூலாக வெளியிட்டனர். நூல் கூறும் அளவிற்கு அவள் நலம் பெற்றுவிடவில்லை. மருத்துவ விடுதிகளில் மீண்டும் தங்க நேர்ந்தது. எனினும் பின்னாளில் பெண்கள் நலத்திற்கு உழைத்த பெருந்தொண்டராக அவர் விளங்கினார். நம் நாட்டில் கிரீந்திரசேகர போசு 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

அதன்பின் வந்தோர் வேறு வழிகளையும் கண்டனர். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக்கு, மனச்சோர்வு உற்றவரின் எண்ணங்களையே ஆராய்ந்தார். ஒரு தேர்வில் தோற்ற மாணவன், “நான் எதற்கும் பயனற்றவன்” என்று தனக்குள் கூறிக்கொள்கிறான். அவ்வெண்ணம் உண்மைதானா, அதற்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்று அவனோடு அமர்ந்து பொறுமையாக வினவுவதே இம்முறையின் அடிப்படை. அறிவுரை கூறுவது வேறு, இது வேறு. அறிவுரைக்கு நம் ஊரில் என்றும் பஞ்சமில்லை.

பேச்சினாலேயே எல்லா நோயும் தீரும் என்று எண்ணிவிடலாகாது. இல்லாத குரல்களைக் கேட்கச் செய்யும் மனச்சிதைவு போன்ற கொடிய நோய்களுக்கு மருந்து இன்றியமையாதது. 1952இல் குளோர்புரோமசீன் பயன்பாட்டிற்கு வந்த பின்னரே அத்தகையோர் பலர் இல்லம் திரும்ப முடிந்தது. மருந்து கிட்டாதவர் அடைந்த கதிக்கு ஏர்வாடியே சான்று. 2001 ஆகத்து 6ஆம் நாள் அங்கிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் எரிந்தனர், இருபத்தெண்மர் மாண்டனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதிக்கிறது.

அவ்வாறாயின் கோயிலுக்குச் செல்வதையே தடுக்க வேண்டுமோ? வேண்டா என்பேன். பெங்களூர் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். பல வாரம் தங்கியோரின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே மருந்தும் இல்லை; பேயோட்டும் சடங்கும் இல்லை. உறவினர் ஒருவர் உடனிருந்தார், கோயிலில் எளிய வேலை இருந்தது, எவரும் இகழவில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தாமை எத்துணைப் பெரிய மருந்து! குசராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதர் தர்காவில், தொழுகைக்கு வருவோரை மருத்துவரும் காணுமாறு ஏற்பாடு செய்துள்ளனர். மேல்மலையனூரிலும் இது தக்க வழி என்பது என் கருத்து.

செஞ்சியில் வாழும் கூலித் தொழிலாளியின் மகளை எண்ணிப் பாருங்கள். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மாத்திரையை ஒருமுறை வாங்கி ஒரு திங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பேச்சு மருத்துவமோ வாரந்தோறும் ஒரு மணி நேரம் கேட்பது. ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம் வேண்டும். உடன் வருபவரின் ஒருநாள் கூலி போகும். மூன்றாம் வாரத்தில் அவள் வருகை நின்றுவிடும். ஆகையால் கேட்கும் பயிற்சி பெற்றவர் செஞ்சியிலேயே இருத்தல் வேண்டும்; கணவனும் மாமியும் அருகில் இல்லாத ஓர் அறையில், அவள் தன் பெயராலேயே பேச இடம் வேண்டும்.

அந்நாள் வரும்வரை ஒரு சிறு வசதி உண்டு. 2022ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.