கலத்துக்கு மீனா, மீனுக்குக் கலமா?

"தொட்டியின் அளவுக்கேற்பவே மீன் வளரும்" என்றொரு கூற்று, வளர்ப்பு மீன் விற்கும் கடைகளில் வழங்கிவருகின்றது. அதனைக் கேட்டு மாணாக்கர் நம்புகின்றனர். மாணாக்கரைக் கேட்டு ஆசிரியர் சிலரும் நம்புகின்றனர். விரல் நீளமுள்ள ஒஸ்கார் மீனையோ அரோவனாக் குஞ்சையோ இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இட்டு, விஞ்ஞான அறையின் மூலையில் வைத்துவிட்டால் அது அவ்வளவில் அடங்கி நின்றுவிடும் என்பது அவர்தம் துணிபு. தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கு மீன்தொட்டியில் என்ன வேலை என வினவுவோர் இருத்தல் கூடும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள முறை பிறழும் இடமெல்லாம் எமக்கும் வேலை உண்டு என்பதே என் விடை.

பாகவதத்தின் எட்டாம் கந்தத்தை நினைமின். திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை நதியில் நீர்க்கடன் ஆற்றுங்கால் கையில் ஒரு சிறுமீன் அகப்பட்டது. கமண்டலத்தில் இட்டான், ஓரிரவிற் கமண்டலம் போதவில்லை. பெரிய நீர்ச்சாலில் இட்டான், அதுவும் போதவில்லை. பின்னர்க் குளம், பின்னர் ஏரி, ஈற்றிற் கடல். மீன் வளருந்தோறும் கலம் மாறியதேயன்றிக் கலத்துக்கு அஞ்சி மீன் சிறுக்கவில்லை. நம் இலக்கணமும் இம்முறையே பேசுகின்றது. "பாலை இறக்கு" என்றவிடத்துப் பாலின் பெயர் பாத்திரத்துக்கு ஆதலைத் தானியாகுபெயர் என்போம். பொருளின் பெயர் கலத்துக்கு ஆகும். கடைக்காரரோ கலத்தின் அளவு பொருளுக்கு ஆகவேண்டும் என்கின்றார்!

குறுந்தொட்டியில் மீன் குறுகிப்போதல் உண்மையே. ஆயின் அது அடக்கமன்று, நோய். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை ஓயாது வெளிவிடுகின்றது. வடிகட்டியிலும் சரளையிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். முன்னிரண்டும் கடுநஞ்சு. மூன்றாவது அத்துணைக் கொடிதன்றாயினும் நீரை மாற்றாதவழிச் சேர்ந்துகொண்டே போகும். நீர் குறைந்தால் நஞ்சு செறியும். செறிந்தால் உணவு செல்லாது, உடல் வளராது, முதுகு வளையும், ஆயுளும் குறையும். வலிகாமத்தார்க்கு இதில் இன்னுமோர் இடர் உண்டு. அங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீரில், உரத்தாலும் கழிவாலும், நைத்திரேற்று முன்னரே மிகுந்துள்ளமையை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மாற்றும் நீரே சுமையோடு வந்தால் என் செய்வது?

இனி வடிவத்தைப் பற்றி. உயர்ந்து ஒடுங்கிய தொட்டி கண்ணுக்கு அழகு, மீனுக்கு அன்று. இதனை ஆனையிறவார்க்கு விளக்குதல் எளிது. உப்பளப் பாத்தி ஏன் அகன்றும் ஆழங்குறைந்தும் அமைகின்றது? வெயிலும் காற்றும் நீரைத் தீண்டுவது மேற்பரப்பில் ஆதலின். தொட்டி நீருக்கு ஒட்சிசன் சேர்வதும் அம்மேற்பரப்பின் வழியேதான். ஒரே அளவு நீர் கொள்ளும் தொட்டிகள் இரண்டனுள் அகன்றதே உயிருக்கு உகந்தது.

கணக்குக்கு வருவோம். வாங்கும்போது உள்ள நீளத்தை விடுத்து, வளர்ந்த மீனின் நீளத்தையே அளவையாகக் கொள்க. தொட்டியின் நீளம் அதன் மும்மடங்குக்கும், அகலம் அதன் ஒருமடங்குக்கும் குறையாதிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. மீன் உடல் மடங்காமல் திரும்பவேண்டுமன்றோ? ஒஸ்கார் ஓராண்டளவில் ஒரு சாணை எட்டி, 30 சென்றிமீற்றரையும் கடக்கவல்லது. அதற்கு 120 சென்றிமீற்றர் நீளமும் 45 அகலமும் 50 உயரமும் உள்ள தொட்டி வேண்டும். நீர் 270 லீற்றர். இரண்டடித் தொட்டி கொள்வதோ (60, 30, 30 எனக் கொண்டால்) 54 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு! அரோவனாவை 80 சென்றிமீற்றர் எனக் குறைத்து மதித்தாலும் 240, 80, 70 என்னும் அளவில் 1,344 லீற்றர் ஆகின்றது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். பாடசாலையின் எந்த மேசை 1,344 கிலோகிராமைத் தாங்கும்? அமேசன் காட்டில் நீருக்கு மேலே தாவிக் கிளையிலுள்ள பூச்சியைப் பற்றும் மீன் அது; வலிய மூடியும் வேண்டும்.

நம் வாய்க்கால் விரால் மட்டும் என்ன? மாரியிற் செம்மஞ்சட் குஞ்சுகள் கூட்டமாய்த் திரிய, பெற்றவை அவற்றைக் காத்து நிற்கும். சிறுவர் அவற்றைப் போத்தலிற் பிடித்து வருவர். விரால் காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆதலின் போத்தலிலும் எளிதிற் சாவதில்லை. சாவாமையை வாழ்தல் எனக் கொள்ளும் மயக்கம் இங்குதான் தோன்றுகின்றது. முக்கால் மீற்றர் கடந்தும் வளரவல்ல மீன் அது.

"பெரிதானால் குளத்தில் விட்டுவிடலாம்" என்பாரை நான் இன்னும் மிகுதியாகக் கண்டிக்கின்றேன். தென்கிழக்காசியக் கத்தி மீன், ஒரு மீற்றர் வரை வளரும் ஊனுண்ணி, வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து வெளியேறிப் பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் முதலிய தென்மேற்கு நீர்நிலைகளில் இன்று குடியேறிவிட்டது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தோன்றி, இரணைமடுவில் தேங்கி, ஆனையிறவுக் கடனீரேரியிற் கலக்கின்றது. வழியில் எந்தக் குளத்தில் எதனை விட்டாலும் வெள்ளம் அதனைக் கீழே கொண்டுவரும். உவர்நீர் வந்ததைக் கொன்றுவிடும் என அமைதல் ஆகாது. கடல்வாய்க்கு மேலுள்ள குளங்கள் அத்தனையும் நன்னீரே.

54 லீற்றர்தான் எம் பாடசாலைக்கு இயலும் எனின், அதற்கொத்த மீனை வாங்குக. இலங்கைக்கே உரிய செரி பாப் என்னும் சிறுகெண்டை 5 சென்றிமீற்றருக்கு மேல் வளராது. பத்துக் கெண்டைக்கு அத்தொட்டியில் நீந்த இடமுண்டு. பெருமீன் காண்பதற்குத் தெகிவளை விலங்கினச்சாலையின் மீன் காட்சிக்கூடம் இருக்கின்றது. ஆண்டுதோறும் சுற்றுலா பெரும்பாலும் அவ்வழிதானே செல்கின்றது.